பூக்குடலையும் மணிமுடியும்

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை முதன்முறை படித்து முடித்த மாணவர்களிடம் நான் கேட்கும் வினா ஒன்றுண்டு: "தொடக்கத்தில் யாரைத் தவறாக எண்ணினீர்கள்?" அநேகமாக எல்லோரும் ஆழ்வார்க்கடியானையே சொல்வார்கள். வீரநாராயண ஏரிக்கரையில் சைவரோடு வாதுக்கு நிற்கும் வெறும் சண்டைக்காரனாகத் தோன்றும் அந்த வைஷ்ணவன், முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன் என்பது பின்னரே விளங்குகிறது. அடுத்தபடியாகப் பெரிய பழுவேட்டரையரைச் சொல்வார்கள். அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய அவ்வீரர், முதுமையில் மையலுற்று மதியிழந்த சதிகாரராகவே நமக்கு அறிமுகமாகிறார். இறுதியிலோ தம் பிழையை உணர்ந்து, தம் உயிரையே ஈந்து உயர்ந்து நிற்கிறார்.

இது ஆசிரியர் செய்த வஞ்சனையன்று. நாம் காண்பதெல்லாம் பெரும்பாலும் வந்தியத்தேவன் கண்வழியே காண்பது. அவனோ சோழநாட்டுக்குப் புதியவன், துடுக்கு மிகுந்தவன். அவன் அவசரப்பட்டால் நாமும் அவசரப்படுகிறோம். இளையராணி இருப்பதாக எல்லோரும் எண்ணும் மூடுபல்லக்கிலிருந்து நள்ளிரவில் மதுராந்தகர் இறங்குகிறாரே, அந்தக் கடம்பூர்க் காட்சியிலேயே கல்கி நம்மை எச்சரித்துவிடுகிறார்: திரையைப் பார்த்து உள்ளிருப்பவரை முடிவு செய்யாதீர்! 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் இக்கதையைப் படித்தவர்கள், தம் தீர்ப்பைத் தாமே எத்தனை முறை திருத்தி எழுதியிருப்பார்கள்!

ஆயினும் என்னைத் திருத்தியவன் சேந்தன் அமுதனே. ஊமைத்தாயோடு நந்தவனத்தில் வாழ்ந்து, தளிக்குளத்தார் ஆலயத்துக்குப் பூக்குடலை சுமக்கும் அந்த எளியவன்தான் செம்பியன் மாதேவியின் மெய்ப்புதல்வன். முடிவில் உத்தம சோழனாக முடி சூடுபவனும் அவனே.

பதுளைக்கு அருகே, நமுனுகுல மலைச்சாரலில் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாயிருந்த காலம். இந்த இரகசியத்தைச் சொல்லி வகுப்பே வியந்திருந்த வேளையில், கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து கேட்டான்: "முடி கிடைக்காட்டியும் அமுதன் நல்லவன்தானே, சேர்?"

நாள்தோறும் பிந்தி வருபவன் அவன். சோம்பேறி என்று நான் முத்திரை குத்தி, பலமுறை வாசலில் நிறுத்தி வைத்தவன். அன்று மாலைதான் விசாரித்தேன். விடியுமுன் தாய் பிரட்டுக்குப் போய்விடுவாள். தங்கையைக் குளிப்பாட்டிப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பாடசாலைக்கு ஓடி வருவானாம். ஒரு நாளும் அவன் அதைச் சொல்லவில்லை. நானும் ஒரு நாளும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவன் கேள்வி கதையின் உள்ளீட்டையே தொட்டுவிட்டது. பூக்குடலை ஏந்திய கையில் மணிமுடி வந்த பிறகே அமுதனை மதிப்போமானால், நாம் மதித்தது அமுதனையன்று, முடியைத்தான். முன்பின் அறியாத வந்தியத்தேவனுக்கு அன்போடு அமுது படைத்தானே, அந்த முதற்சந்திப்பிலேயே அவன் குணம் முழுதும் வெளிப்பட்டுவிட்டது. நாம்தான் அதைக் காணாமல் அடுத்த அத்தியாயத்துக்கு விரைந்தோம்.

லயத்துப் பிள்ளை உத்தியோகம் பெற்று வந்தால் மாலையிடுகிறோம். என் மாணவன் உத்தியோகம் எதுவும் பெறவில்லை. தோட்டத்திலேயே உழைக்கிறான், தங்கையைப் படிக்க வைத்தான். வீதியில் கண்டால் இன்றும் அவன்தான் முதலில் கைகூப்புகிறான். முந்திக்கொள்ள நான் முயன்றுகொண்டே இருக்கிறேன்.