மழை தடுத்த பயணமும் மழை தந்த படமும்

ஒளிப்பட ஆர்வலர் பலர் மழையைப் பகையாகவே கருதுகின்றனர். வெயில் நாளை எதிர்நோக்கித் திட்டமிட்டுக் காஞ்சிபுரம் வந்து இறங்கியதும் வானம் கறுத்துவிட்டால், கருவியைப் பையில் வைத்து மூடிவிட்டு ஊர் திரும்புவோரே மிகுதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெறும் இந்நகரில் இவ்வேமாற்றம் புதிதன்று. எனினும், மழை கெடுப்பது நம் திட்டத்தையேயன்றிக் காட்சியை அன்று. இதனைக் காஞ்சியின் கல், நீர், தறி ஆகிய மூன்றின் வழியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லும் ஒளியும்

உச்சி வெயிலில் சிற்பத்தின் ஒருபுறம் வெளிறிவிடும். மறுபுறம் கருநிழலில் மறைந்துவிடும். மேகம் கவிந்த வானமோ விரித்துக் கட்டிய வெண்துணி போன்று ஒளியை எப்புறமும் சீராகப் பரப்புகின்றது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் எழுப்பிய கயிலாசநாதர் கோயிலில் இவ்வேறுபாட்டினை நன்கு காணலாம். மணற்கல்லால் ஆன அக்கோயிலின் திருச்சுற்றை ஒட்டி 58 சிற்றாலயங்கள் வரிசையாக அமைந்துள்ளன.

உலர்ந்த கல்லின் சொரசொரப்பான மேற்பரப்பு ஒளியை நாற்புறமும் சிதறச் செய்வதால் நிறம் வெளிறித் தோன்றும். நனைந்த கல்லின் மீது படியும் மெல்லிய நீர்ப்படலமோ, வெளியேற முயலும் ஒளியின் ஒரு பகுதியை மீண்டும் கல்லுக்கே திருப்பிவிடுகின்றது. கல் அதனை உறிஞ்சிக்கொள்கின்றது. ஆகவேதான் மழை நின்றபின் கல்லின் நிறம் ஆழ்ந்து, செதுக்கிய கோடுகள் தெளிந்து தெரிகின்றன. கல் உலர்வதற்குள் படம் எடுத்துவிடல் வேண்டும். சாம்பல் நிற வானத்தைப் படத்தில் மிகுதியாகச் சேர்க்காதிருத்தல் நலம்.

நீரில் தோன்றும் கோபுரம்

ஏகாம்பரநாதர் கோயிலின் இராசகோபுரம் கிருட்டிணதேவராயரால் 1509-ஆம் ஆண்டு எழுப்பப்பெற்றது. ஏறத்தாழ 192 அடி உயரமுடையது. அருகில் நின்று அதனை முழுமையாகப் படத்தில் அடக்குதல் எளிதன்று. மழைக்குப்பின் தெருவில் தேங்கும் சிறு நீர்நிலை அவ்வேலையைச் செய்து தருகின்றது. நீர்ப்பரப்பின் மீது சாய்ந்து விழும் ஒளியே மிகுதியாக எதிரொளிக்கும். ஆதலால் கருவியைத் தரையளவுக்குத் தாழ்த்தி, காற்று அடங்கும்வரை காத்திருந்தால் கோபுரம் தலைகீழாக நீரில் எழும்.

தேங்கிய நீர் பெரும்படைப்புக்கு இடந்தரும் என்பதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1932-இல் பாரிசின் செயின்ட் லசார் இரயில் நிலையத்தின் பின்புறம், நீர்ப்பரப்பைத் தாண்டிக் குதிக்கும் ஒருவரைப் படமெடுத்தார். அவர் காலும் அதன் நிழலுருவும் ஒன்றையொன்று தொடுமுன் எடுத்த அப்படம் ஒளிப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது.

பெய்யும் மழையையே படமாக்க விரும்புவோர் இருண்ட வாயிலையோ மண்டபத்தையோ பின்னணியாகக் கொள்ளுதல் வேண்டும். ஷட்டர் வேகத்தை 1/500 நொடியாக வைத்தால் துளிகள் ஏறத்தாழ நின்றாற்போல் தோன்றும். 1/30 நொடியாயின் அவை நீண்ட கோடுகளாகும்.

தறியும் மழையும்

இதுகாறும் கூறியவை கண்ணுக்கு இன்பம் தருவன. ஆயின் அதே மழை பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வேறு முகம் காட்டுகின்றது. தெருவில் பாவு நூலை நீள இழுத்துக் கட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தும் பணி மழையில் நின்றுவிடும். குழித்தறியில் நெசவாளர் தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை விட்டு மிதியை இயக்குகின்றார். அக்குழியில் நீர் ஊறினால் தறி ஓடாது. சேலைக்கு இவ்வளவெனக் கூலி பெறுவோர்க்குத் தறி நின்ற நாள் வருவாயற்ற நாளாகும். 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிப் பட்டின் பின்னே இத்துன்பமும் உண்டு. நமக்கு வாய்த்த அழகிய மழைநாள் அவருக்குப் பட்டினி நாளாக இருத்தல் கூடும் என்பதை மறத்தலாகாது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி, 1983-இல் குசராத்தின் போர்பந்தரில் கழுத்தளவு வெள்ளத்தில் தையல் எந்திரத்தைத் தோளில் சுமந்துவந்த முதிய தையற்காரர் ஒருவரைப் படமெடுத்தார். அப்படத்தைக் கண்ட எந்திர நிறுவனம் அம்முதியவருக்குப் புதிய எந்திரம் வழங்கியதாக மெக்கரி பின்னர்க் கூறியுள்ளார். துன்பத்தை அழகுப் பொருளாக மட்டும் காட்டாது, உழைப்பவரை மதித்து எடுத்த படம் அவருக்கே பயன்படுதலும் உண்டு என்பதற்கு இது சான்றாகும்.

ஆதலின், நெசவாளர் வீட்டுவாயிலில் கருவியை உயர்த்துமுன் அவர் இசைவைப் பெறுதல் கடமையாகும். ஈரக் காலோடும் சொட்டும் குடையோடும் பட்டு நூலின் அருகே செல்லுதல் கூடாது. கோயில்களுள் படம் எடுக்கத் தடையுள்ள இடங்களில் அதற்குப் பணிதல் வேண்டும். கருவியின் வில்லையைத் துடைக்க உலர்ந்த மென்துணி ஒன்றும், கருவியை மூட நெகிழிப்பை ஒன்றும் உடன் இருத்தல் நன்று. எடுத்த படத்தின் ஒரு படியை அச்சிட்டு, அதில் உள்ளவர் கையில் சேர்ப்பித்தல் அதனினும் நன்று. அடுத்த பருவமழையில் காஞ்சி செல்லும் மாணவர்கள் இவற்றை நெஞ்சிற்கொண்டு செல்வாராக!