முகத்துக்கு ஓட்டா? பேச்சுக்கு ஓட்டா?

7 கோடி பேர் பார்த்த வாதப் போர்

ஓட்டுப் போடுகிறவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்? கொள்கையையா, முகத்தையா?

அமெரிக்காவில் 1960-ம் ஆண்டு இந்தக் கேள்வி எழுந்தது.

அந்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் கென்னடியும் நிக்சனும் போட்டியிட்டார்கள். கென்னடிக்கு வயது 43. நிக்சனுக்கு 47. நிக்சன் அப்போது உப ஜனாதிபதி. அனுபவசாலி, வாதத்தில் வல்லவர்.

செப்டம்பர் 26-ந் தேதி இரவு, சிகாகோ நகர டெலிவிஷன் நிலையத்தில் இருவரும் நேருக்கு நேர் வாதாடினார்கள். பெரிய கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளர்கள் டெலிவிஷனில் மோதியது அதுவே முதல் தடவை. சுமார் 7 கோடி பேர் வீட்டில் இருந்தபடியே அதைப் பார்த்தார்கள்.

தாயின் கவலை

நிக்சன் முழங்காலில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவர். உடல் மெலிந்து இருந்தது. முகம் வெளிறி இருந்தது. தாடையில் கருமை தட்டியது. விளக்குச் சூட்டில் வேர்வை வழிந்தது. அவர் அணிந்த வெளிர் நிறக் கோட்டு, பின்னால் இருந்த சுவரின் நிறத்தோடு கலந்துவிட்டது.

கென்னடியோ கருநிறக் கோட்டில் பளிச்சென்று நின்றார். படக்கருவியை நேராகப் பார்த்துப் பேசினார். பார்த்தவர்களுக்கு, "நம்மிடமே பேசுகிறார்" என்று தோன்றியது. நிக்சன் பல சமயம் கென்னடியைப் பார்த்தே பதில் சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்ததும், மகனுக்கு உடம்பு சரியில்லையா என்று நிக்சனின் தாயாரே கவலையோடு டெலிபோனில் விசாரித்தார்! பெற்ற தாய்க்கே அப்படித் தோன்றினால், மற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

கண்ணும் காதும்

ரேடியோவில் கேட்டவர்கள் நிக்சன் பக்கம் சாய்ந்தார்கள் என்று இன்றும் சொல்வது உண்டு. ஆனால் சிறிய கணக்கெடுப்பு ஒன்றில் இருந்து பிறந்த பேச்சு அது. ஆராய்ச்சியாளர் பலர் அதை ஏற்பதில்லை.

மேலும் மூன்று வாதங்கள் நடந்தன. நவம்பர் 8-ந் தேதி தேர்தல். சுமார் 6 கோடியே 88 லட்சம் ஓட்டுகள் பதிவாயின. கென்னடி ஜெயித்தார். ஓட்டு வித்தியாசம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் குறைவு!

தோற்றத்தைவிட விஷயத்திலேயே அதிகக் கவனம் செலுத்திவிட்டதாக நிக்சன் பின்னர் எழுதினார். அடுத்த 3 தேர்தல்களில் இத்தகைய வாதமே நடக்கவில்லை. 1976-ல்தான் மீண்டும் நடந்தது.

வேர்வை வழிந்தால் பொய்யர் என்று அர்த்தம் இல்லை. சிரித்தால் நல்லவர் என்றும் அர்த்தம் இல்லை. வாதத்தைப் பார்க்கிறவர், நடுவில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா? செய்வதாகச் சொன்னதை எப்படிச் செய்வார் என்று சொன்னாரா?

முகம் ஒரு மணி நேரம்தான் தெரியும். போட்ட ஓட்டின் பலனோ பல ஆண்டு நிற்கும்!