விலை பேசாமல் வந்த 200 கம்பெனிகள்

வியாபாரத்தில் தாராளம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தீபாவளி இனிப்புப் பெட்டியும், பில்லில் விட்டுக்கொடுக்கும் சில்லறையும்தான். நான் சொல்ல நினைப்பது வேறு ஒன்று. அதற்கு ஜப்பான் வரை போய்வர வேண்டும்.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை விடியற்காலை. கரியா நகரில் அய்சின் செய்கி கம்பெனியின் முதல் ஆலை தீப்பிடித்தது. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அளந்துவிடும் வால்வு அங்கேதான் தயாரானது. உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஆனால் டொயோட்டா வாங்கிய அந்த வால்வுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓர் ஆலையிலிருந்துதான் போயின. தேவைக்கு மேல் சரக்கு தேக்கிவைப்பது டொயோட்டாவின் வழக்கமல்ல. அதனால் சில நாட்களிலேயே ஜப்பானில் அதன் கார் ஆலைகள் பெரும்பாலும் நின்றுபோயின.

அய்சின் அன்றைக்கே உதவி கேட்டது. வால்வைச் செய்துதர முன்வந்தவர்களுக்கெல்லாம் அதன் வரைபடங்களை எடுத்துக் கொடுத்தது. 200க்கும் மேற்பட்ட கம்பெனிகள் வேலையில் இறங்கின. அவற்றில் பல அந்த வால்வை அதற்குமுன் செய்ததே இல்லை. தையல் மெஷினுக்குப் பேர்போன பிரதர் கம்பெனியும் அதில் ஒன்று. வால்வுக்கென்றே அமைத்த மெஷின்கள் எரிந்துவிட்டதால், கையிலிருந்த சாதாரண மெஷின்களைத் திருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்தெடுத்தார்கள். முதல் வால்வுகள் மூன்றரை நாளில் வந்துசேர்ந்தன. ஒரு வாரம் போனபோது கார் உற்பத்தி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது.

இத்தனைக்கும் யாரும் முதலில் விலை பேசவில்லை. ஒப்பந்தம் எழுதவில்லை. சொந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்தார்கள். எப்படி வந்தது இந்த மனசு?

பல வருஷங்களாக வளர்த்து வைத்தது அது. தனக்குச் சாமான் தரும் பட்டறைகளுக்கு டொயோட்டா தன் என்ஜினியர்களையே அனுப்பும். வாரக்கணக்கில் கூட இருந்து தொழில்முறையைச் சீர்செய்து கொடுப்பார்கள், கட்டணம் கிடையாது. அதில் மிச்சமாகும் பணத்தையும் உடனே பிடுங்கிக்கொள்வதில்லை. முதலில் பட்டறைக்காரரே அனுபவிக்கலாம். பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: நீ கற்றதை மற்றவர்கள் வந்து பார்க்க உன் ஆலையைத் திறந்துவிடு. இப்படி ஒருவர் ஆலைக்குள் ஒருவர் போய் வந்து பழகியவர்களில் பலர் தீயன்று ஓடிவந்தார்கள். டொயோட்டா இளகிய மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வருஷாவருஷம் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குகிற கறாரான வாடிக்கையாளர் அது. கறாரும் தாராளமும் ஒரே கையில் இருக்கலாம் என்பதை இதில்தான் நான் தெளிவாகப் பார்த்தேன். விலையில் கறாராக இரு, தொழில் அறிவிலும் நேரத்திலும் தாராளமாக இரு என்பதே அவர்கள் நடைமுறை.

அதன்பிறகு நடந்ததும் முக்கியம். உதவியவர்களின் நேரடிச் செலவை அய்சின் ஏற்றுக்கொண்டது. டொயோட்டாவோ யாரும் கேட்காமலே, தனக்கு நேரடியாகச் சாமான் தரும் கம்பெனிகளுக்கு அந்த ஜனவரி-மார்ச் விற்பனையில் 1 சதவீதத்துக்கு ஈடான தொகையைக் கொடுத்தது. மொத்தம் சுமார் 1,500 கோடி யென். வாங்கியவர்களில் பலர் தமக்குக் கீழே வேலை செய்த சின்னப் பட்டறைகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். நன்றி சொல்லிக் கைகுலுக்கியதோடு நின்றிருந்தால், அடுத்த தீயின்போது எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

நீங்கள் பெரிய கம்பெனி நடத்த வேண்டியதில்லை. உங்களுக்குச் சரக்கு தருகிற சின்னப் பட்டறைக்காரருக்கு, உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை நுணுக்கத்தை இந்த வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அவருடைய பில் பாக்கி இருந்தால், அவர் போன் செய்வதற்கு முன் கட்டிவிடுங்கள்.