டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கு இன்னும் என்ன க்ளாஸ்?

போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சண்டை என்றால் குரல் உயர்ந்த சண்டை இல்லை. என் ஓரகத்தி இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். தப்பு என் மேல்.

நாங்கள் கூட்டுக் குடும்பம். நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். அவள் உயிர் வேதியியலில் பிஎச்.டி. வாங்கியவள். பையன் பிறந்த பிறகு ஆறு வருஷமாக வேலைக்குப் போகவில்லை. அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு லாப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எனக்கோ கிரைண்டரில் அரிசி போட வேண்டும். பையன் வேறு காலைச் சுற்றிச் சுற்றி வருகிறான். "போ, உங்கம்மாகிட்ட போய்க் கேளு" என்று உள்ளே அனுப்பிவிட்டேன். அவன் மடியில் ஏறி எதையோ அமுக்க, அவள் எழுதிக்கொண்டிருந்த பரீட்சை பாதியில் நின்று போயிற்று. நேரம் வைத்து நடக்கும் பரீட்சையாம். திரும்ப எழுத முடியாதாம்.

"டாக்டர் பட்டமே வாங்கியாச்சு, இன்னும் என்ன க்ளாஸ், என்ன பரீட்சை?" என்று நான் கேட்டதுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "அக்கா, நான் படிச்சப்போ இருந்த ஸயன்ஸ் வேற, இப்போ இருக்கறது வேற. கத்துக்காம போனா யாரும் உள்ளே விட மாட்டாங்க."

அவள் கற்றுக்கொள்வதற்குப் பெயர் பயோ இன்ஃபர்மேடிக்ஸ். தமிழில் உயிர்த் தகவலியல் என்கிறார்கள். பெயரைக் கேட்டு பயந்துவிடாதீர்கள். குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வரும் பாட்டிமார்கள் என்ன செய்கிறார்கள்? "மூக்கு தாத்தாவேதான், நெற்றி மட்டும் அத்தை ஜாடை" என்று ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். கம்ப்யூட்டரை வைத்து இவர்கள் பார்ப்பதும் அந்த ஜாடையைத்தான். நம் உடம்பின் உயிரணுக்களில் இருக்கும் டி.என்.ஏ. நாலே எழுத்துக்களால் ஆனது. மனுஷனுக்கு அது சுமார் 300 கோடி எழுத்து நீளம். கொரோனா கிருமிக்கு (அது ஆர்.என்.ஏ. வகை) 30,000-க்குக் கொஞ்சம் குறைவு. 2020 ஜனவரியில் அந்தக் கிருமியின் எழுத்து வரிசை வெளியானதும், ஸார்ஸ் கிருமிக்கு இது சொந்தம்தான் என்று கண்டுகொண்டது இந்த ஜாடை பார்க்கும் வித்தையால்தான்.

சரி, இதற்கு ஏன் வயதான புரொஃபஸர்கள்கூட மறுபடி பெஞ்சில் உட்கார வேண்டும்? மனுஷ டி.என்.ஏ.வை முதல்முறை படித்து முடிக்க 1990-லிருந்து 2003 வரை ஆயிற்று. இப்போது ஒரு மெஷின் அந்த வேலையை ஓரிரு நாளில் செய்துவிடுகிறது. எழுத்துக்கள் மலையாகக் குவிகின்றன. கண்ணாடிக் குழாயும் மருந்துமாகப் பழகிய கைகளுக்கு அந்த மலையைப் பிரிக்கத் தெரியாது. ஆர், பைத்தான் என்று கம்ப்யூட்டர் பாஷைகள் கற்க வேண்டும். "பைத்தான்னா மலைப்பாம்புதானே?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள், அத்தோடு எங்கள் பிணக்கும் தீர்ந்தது. ஏதோ ஓர் ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சியின் பெயரிலிருந்து வைத்ததாம்.

தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அவள் சொன்ன கதை ஒன்று. கணக்கு எழுதும் எக்ஸெல் என்ற புரோகிராம் தெரியுமில்லையா? நம் மகளிர் குழுக் கணக்குகூட அதில்தான் இருக்கிறது. 'மார்ச் 1' என்றும் 'செப்ட் 2' என்றும் பெயருள்ள மரபணுக்கள் இருந்தன. விஞ்ஞானிகள் அந்தப் பெயரை அதில் அடித்தால், அது மார்ச் ஒன்றாம் தேதி, செப்டம்பர் இரண்டாம் தேதி என்று மாற்றி வைத்துவிடும்! இப்படி மரபணுப் பட்டியலை எக்ஸெலில் இணைத்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் பெயர்ப் பிழை இருந்ததாக 2016-ல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் மரபணுக்களின் பெயரையே மாற்றும்படி ஆயிற்று. படித்தவர்கள் செய்யும் கூத்து! நான் பால் கணக்கைத் தப்பாக எழுதினால் மட்டும் வீடே சிரிக்கிறது.

இவர்களுக்குச் சொல்லித்தரும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1998-ல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆரம்பித்த ஒரு வகுப்பு, பிற்பாடு 'கார்பென்ட்ரி', அதாவது தச்சு வேலை என்ற பெயரில் பல தேசங்களுக்குப் பரவியிருக்கிறது. பெரும்பாலும் இரண்டு நாள் வகுப்பு. டீச்சர் எழுதி வைத்ததைக் காட்டிப் போகக் கூடாது. எல்லோர் எதிரிலும் ஒவ்வொரு வரியாக அடிக்க வேண்டும். கூடவே மாணவர்களும் அடிப்பார்கள். டீச்சருக்குத் தப்பு வந்தால் அதையும் எல்லோரும் பார்க்கத் திருத்துவார். அதிரசப் பாகு புத்தகத்தைப் பார்த்தா வந்தது நமக்கு? பெரியவர்கள் பக்கத்தில் நின்று, இரண்டு தடவை முறிய விட்டுத்தானே வந்தது! இன்னொரு விஷயம்: ஒவ்வொருவருக்கும் சிவப்பு, பச்சை என்று ஒட்டுத் தாள் கொடுப்பார்கள். வேலை முடிந்தால் பச்சை. புரியவில்லை என்றால் கம்ப்யூட்டர் மேல் சிவப்பை ஒட்டிவிட்டால் போதும், உதவியாளர் வந்து நிற்பார். கையைத் தூக்கி "எனக்குப் புரியலை" என்று சொல்லும் கூச்சம் வேண்டாம். இந்தத் தாள் என் பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் கணக்கில் நான் இவ்வளவு மோசமாகியிருக்க மாட்டேன்.

ஆப்பிரிக்காவில் 2016-ல் ஒரு மூன்று மாத வகுப்பு நடத்தினார்கள். பத்து நாடுகள், இருபது நிலையங்கள், 364 பேர். இன்டர்நெட் விட்டுவிட்டு வரும் ஊர்கள். அதனால் பாடத்தை முன்கூட்டியே படம் பிடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தந்த ஊரில் ஒரே அறையில் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். உள்ளூர் உதவியாளர் கூட இருப்பார்.

நம் பக்கமும் இந்த வித்தைக்குப் புதிதல்ல. புரதத்தின் உருவம் சரிதானா என்று பார்க்க இன்றும் உலகம் பூராவும் மாணவர்கள் கற்கும் 'ராமச்சந்திரன் படம்' 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1986-87-ல் மத்திய அரசு உயிர்த் தகவல் மையங்களை ஆரம்பித்தபோது மதுரை காமராஜர் பல்கலைக்கழகமும் அதில் சேர்ந்தது. இப்போது வீட்டிலிருந்தே சேரலாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் ஹிங்ஸ்டனில் உள்ள ஐரோப்பிய நிலையம் இணையப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. நம் ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் இலவசமாகப் படிக்கலாம். பரீட்சைக்கு மட்டும் பணம். இடையில் வேலையை விட்ட பெண் விஞ்ஞானிகளுக்கென்று மத்திய அரசு 2002-03-ல் ஆரம்பித்த திட்டம், பெயர் மாறி இப்போது வைஸ்-கிரண் என்று இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவள் மார்கரெட் டேஹாஃப் என்ற அம்மாளின் படத்தைக் காட்டினாள். அமெரிக்காக்காரர். 1948-லேயே டாக்டர் பட்டம். இரண்டு பெண் குழந்தைகளுக்காகச் சில வருஷம் ஆராய்ச்சியை விட்டிருந்தார். திரும்பி வந்து பணம் கேட்டபோது, இத்தனை நாள் விலகியிருந்தவராயிற்றே என்று தயங்கினார்களாம். அவர்தான் 1965-ல் 65 புரதங்களின் எழுத்து வரிசையைத் தொகுத்து முதல் புத்தகம் போட்டவர். இந்தத் துறைக்கே தாய் மாதிரி.

பிறகு இவளுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பத்து நாள் நேர்முகப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மாமியார், "பச்சப்புள்ளையை விட்டுட்டுப் பத்து நாளா?" என்றார். "நான் இருக்கேன் அத்தை" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வயிற்றில் புளிதான். நாலாம் நாள் பையனுக்கு ஜுரம். டாக்டர் பார்த்து, சாதாரண வைரஸ் ஜுரம், மூன்று நாளில் இறங்கும் என்றார். உடனே போன் பண்ணுவதா, வேண்டாமா? க்ளாஸ் முடியும் ஆறு மணி வரை பொறுத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். "ராத்திரி பஸ்ஸுக்கே வந்துடறேன் அக்கா" என்று அழுதாள். "நூத்தி ரெண்டைத் தாண்டினா நானே கூப்பிடறேன், அதுவரைக்கும் அங்கேயே இரு" என்றேன். அன்று ராத்திரி பூரா தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். தாண்டவில்லை.

முடித்துவிட்டு வந்தாள். ஓர் ஆராய்ச்சி வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை க்ளாஸ். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடுவதில்லை. மாவைக் காலையிலேயே ஆட்டிவிடுகிறேன். அவள் அறைக் கதவில் பையன் ஒரு சிவப்புத் தாள் ஒட்டி வைத்திருக்கிறான். அதைப் பார்த்தால் மாமியார்கூட டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.