தொண்டை அடைப்பான்: ஊர் மாறும்போது ஊசி தவறலாமா?

திருவனந்தபுரம்: புதன்கிழமை காலை என்றால் கேரளத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்கும். அங்கே வாரத்தில் அது தடுப்பூசி நாள். இடுப்பில் குழந்தை, கையில் அட்டை என்று தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தலைநகரில் அந்த வரிசையில் நாகர்கோவில் தமிழும் திருநெல்வேலித் தமிழும் சகஜமாகக் கேட்கும். சாலைக் கடைவீதியிலும் கரமனையிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. புதிதாகப் பிழைக்க வருவோரும் உண்டு.

மலையாள நர்ஸ் 'குத்திவைப்பு' என்றால் தடுப்பூசி. 'தொண்டமுள்ளு' என்றால் நம்மவர்கள் தொண்டை அடைப்பான் என்று சொல்லும் டிப்தீரியா. வந்தபின் வைத்தியம் பார்ப்பது கடினம், வராமல் தடுப்பது எளிது என்ற ரகத்தைச் சேர்ந்தது இந்த நோய்.

நோய் செய்யும் வேலை

இருமல், தும்மல் மூலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் கிருமி இது. முதலில் சாதாரணத் தொண்டை வலியும் லேசான காய்ச்சலும்தான் இருக்கும். பிறகு தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தடித்த படலம் ஒன்று படரும். கழுத்து வீங்கும். படலம் மூச்சுக்குழாயை அடைத்தால் குழந்தை மூச்சுத் திணறிவிடும். அதைவிடக் கொடியது கிருமி கக்கும் விஷம். அது ரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் தாக்குகிறது. தொண்டை சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும் வேளையில் இதயம் நின்றுபோவதும் உண்டு.

இந்த விஷத்தை முறிக்கும் மருந்தை 1890-ல் ஜெர்மானிய டாக்டர் பேரிங் கண்டறிந்தார். அதற்காக 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் அந்த மருந்துதான் இன்றும் கைகொடுக்கிறது. ஆனால் அதை உடனே செலுத்த வேண்டும். விஷம் உறுப்புகளில் ஏறிவிட்டால் பலனில்லை. சிகிச்சை கிடைத்தும் 100-க்கு 5 முதல் 10 பேர் வரை இறக்கிறார்கள்.

மலப்புரம் கற்பித்த பாடம்

படிப்பிலும் சுகாதாரத்திலும் பெயர் பெற்ற கேரளத்தில் இந்த நோய் இனித் தலைகாட்டாது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 2016-ம் ஆண்டு மழைக்காலத்தில் மலப்புரம் மாவட்டத்தில் அது திரும்பி வந்தது. வளரிளம் பருவப் பிள்ளைகள் இருவர் இறந்தனர். நோய் கண்டவர்களில் பலர் கைக்குழந்தைகள் அல்லர், பத்து வயதைத் தாண்டியவர்கள். ஊசியே போடாதவர்களும், பாதியில் விட்டவர்களுமே பெரும்பாலோர். அதன்பின் சுகாதார ஊழியர்கள் பள்ளி பள்ளியாக, வீடு வீடாகச் சென்று ஊசி போட வேண்டியிருந்தது.

உலகத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. சோவியத் யூனியன் சிதறியபோது ஜனங்கள் இடம் பெயர்ந்தார்கள், தடுப்பூசி வேலை தடுமாறியது. 1990-களில் அந்நாடுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் டிப்தீரியா கண்டது. சுமார் 5 ஆயிரம் பேர் இறந்தனர்.

எங்கே தவறுகிறது?

பிழைப்புக்காக ஊர் மாறும் நமது குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது. நம்மிடையே தலைப்பிரசவம் தாய் வீட்டில். தென்காசியிலோ நாகர்கோவிலிலோ குழந்தை பிறக்கும். 6, 10, 14-வது வாரங்களில் போட வேண்டிய மூன்று ஊசிகளையும் பாட்டி அக்கறையாகப் போட்டுவிடுவாள். பிறகு தாயும் சேயும் திருவனந்தபுரத்துக்கு வந்துவிடுவார்கள். அட்டை ஊரில் டிரங்குப் பெட்டிக்குள் தங்கிவிடும்.

16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி இங்கே நினைவுக்கு வருவதில்லை. புது ஊரில் எங்கே போவது என்று தெரியாது, பாஷையும் தகராறு. கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். போன தடவை ஊசி போட்டு இரவெல்லாம் காய்ச்சலில் பிள்ளை அழுதது வேறு நினைவுக்கு வரும். அந்தக் காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்துவிடும், தொண்டை அடைப்பான் அப்படித் தணியாது.

முதல் மூன்று ஊசிகளால் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி ஆயுளுக்கும் நிற்பதில்லை, வருடங்கள் செல்லச் செல்லக் குறையும். அதனால்தான் ஒன்றரை வயதிலும், 5 முதல் 6 வயதிலும், பிறகு 10 வயதிலும், 16 வயதிலும் மீண்டும் போடச் சொல்கிறார்கள். கடைசி இரண்டும் 'டி.டி.' ஊசிகள். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைக்கு இவை எளிதில் தவறிவிடும். மலப்புரத்தில் நோய் பிடித்ததும் இந்த வயதினரைத்தான்.

விட்ட இடத்திலிருந்து தொடரலாம்

ஓர் ஊசி தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டுமோ என்று அஞ்சியே சிலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். எத்தனை மாதம் தாமதமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முத்தடுப்பு ஊசியை 7 வயது வரை போடலாம். அதற்கு மேற்பட்டவர்களுக்கு டி.டி. ஊசி உண்டு. அட்டை தொலைந்துவிட்டால் முன்பு ஊசி போட்ட ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் விவரம் கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் எதைப் போடுவது என்று டாக்டர் முடிவு செய்வார்.

அட்டவணை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒன்றுதான். மத்திய அரசின் திட்டம், கட்டணம் கிடையாது. ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் 'பென்டாவேலன்ட்' மருந்து 2011 டிசம்பரில் இந்தியாவில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதே இந்த இரு மாநிலங்களில்தான். நம்மூர் அட்டையில் தமிழ் இருந்தாலும் கவலையில்லை, தேதியைப் பார்த்து நர்ஸ் கணக்கிட்டுக் கொள்வார்.

திருவிதாங்கூரில் 1879-லேயே மாணவர்கள், அரசு ஊழியர்கள், கைதிகள் எல்லோரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று மன்னர் உத்தரவிட்டார். நாஞ்சில் நாடும் அன்று அந்த ராஜ்யத்தில்தான் இருந்தது. நம் முன்னோர் பயந்து பயந்து கை நீட்டினார்கள். இன்று பெரியம்மை உலகத்திலேயே இல்லை.

தொண்டை அடைப்பான் இன்னும் இருக்கிறது. பெற்றோர் இன்றே பிள்ளையின் அட்டையைத் தேடி எடுக்க வேண்டும். ஊரில் இருந்தால் அடுத்து வருகிறவரிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்து, வருகிற புதன்கிழமை அரை நாள் லீவு போட்டாவது பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். விவரம் புரியாவிட்டால் அங்கன்வாடி டீச்சரையோ, வீட்டுக்கு வரும் ஆஷா ஊழியரையோ கேட்டால் வழி சொல்வார்கள்.