வீடு ஒருவருடையது, ரிப்பேர் செலவு யாருடையது?

மாதுங்காவிலோ கிர்காமிலோ பழைய கட்டிடம் ஒன்றுக்குச் சாரம் கட்டி உத்தரம் மாற்றுகிறார்கள். கட்டிடம் தனியாருக்குச் சொந்தம். வேலை நடத்துவது அரசு வாரியம். "ஊர்ப் பணத்தில் வீட்டுக்காரருக்குச் சீதனமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

1947-ம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே நிறுத்தி வைத்தது. சொற்பச் சம்பளக்காரர்களைத் தெருவுக்கு வராமல் காத்த சட்டம் அது. ஆனால் சிமெண்ட் விலையும் கொத்தனார் கூலியும் நிற்கவில்லையே! வாடகை கட்டுப்படியாகாத சொந்தக்காரர்கள் பராமரிப்பைக் கைவிட்டார்கள். (பகடி என்று கைமாறிய தொகை தனிக் கதை.) மழைக்காலத்தில் கட்டிடங்கள் இடிந்து உயிர்கள் போயின.

அதன்பிறகே 1969-ல் ரிப்பேர் வாரியச் சட்டம் வந்தது. தீவு நகரத்தில் 19,642 பழைய கட்டிடங்கள் அதன்கீழ் வந்தன. இவற்றின் மீது 'செஸ்' என்ற தனி வரி. சொந்தக்காரர் கட்ட வேண்டும். பெரும் பகுதியைக் குடியிருப்போரிடம் வசூலித்துக் கொள்ளலாம். அரசும் மாநகராட்சியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. ஆகவே, அந்த உத்தரத்தில் குமாஸ்தாவின் காசும் இருக்கிறது. அது தானமல்ல. (தாராவிக் குடிசைகள் இதில் சேரா, அவற்றுக்கு 1971-ம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம்.)

இடிப்பது எங்கே என்றால், ரிப்பேருக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு உண்டு. செலவு அதைத் தாண்டினால் மிச்சத்தைக் குடியிருப்போரோ சொந்தக்காரரோ போட வேண்டும். இல்லாவிட்டால் 'ரிப்பேருக்கு லாயக்கற்றது' என்று தீர்ப்பாகிவிடும். பிறகு தற்காலிக முகாம். தற்காலிகம் என்று பெயர். அங்கே பல பத்தாண்டுகளைக் கழித்த குடும்பங்கள் உண்டு. வருஷக் கணக்காகச் செஸ் கட்டியவனுக்கு ஒரு செங்கல்லும் சொந்தமில்லை.

இதற்குப் பரிகாரமாக 1986-ல் ஒரு திருத்தம் வந்தது. குடியிருப்போரில் 70 சதவீதம் பேர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், மாத வாடகையைப் போல் நூறு மடங்கு கொடுத்துக் கட்டிடத்தை அவர்களுக்காகக் கையகப்படுத்தலாம். சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். தனியார் சொத்து எல்லாமே சமுதாயத்தின் பொது வளம் ஆகிவிடாது என்று, 2024 நவம்பர் 5-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. வாடகைக்காரர்களின் எதிர்பார்ப்புக்கு இது ஒரு தடங்கல்தான்.

அப்பா பெயரில் உள்ள வாடகை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கட்டிடம் காலியாகும் நாளில், அறையில் உங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று காட்ட அது வேண்டும். மழைக்கு முன்பு ஆண்டுதோறும் வாரியம் மிக அபாயமான கட்டிடங்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் உங்கள் கட்டிடம் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.