பானட்டைத் திறப்போம் – 9: செத்த சிலிண்டர் எது?

சென்ற வாரம் பெட்ரோல் இன்ஜினுக்குள் வந்து சேரும் வழியைப் பார்த்தோம். வந்த பெட்ரோலைப் பற்றவைப்பது பிளக். அது ஒழுங்காகப் பற்றாமல் வண்டி திணறுவதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள். மிஸ்ஸிங் என்றதும் பிளக், வயர், காயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. பழுது எங்கே என்று தேடிவிட்டுக் கை வைத்தால், பல நேரம் ஒரே ஒரு பாகத்தோடு செலவு நின்றுவிடும்.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஒன்று செத்தாலே மூன்றில் ஒரு பங்கு சக்தி போய், வண்டி முழுக்க உதறும்.

பேட்டரி தருவது 12 வோல்ட். காயில் அதைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதை 1-3-2 என்ற வரிசையில் பிளக் வயர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விட வேண்டும்.

முதலில் சிலிண்டர்

இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜினில் நன்றாகப் படும்படி வையுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கைக் கவனியுங்கள். உதறல் கூடினால் அந்த சிலிண்டர் அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் செத்தது அதுதான். ஓடும் இன்ஜினில் வயரை வெறும் கையால் பிடுங்க வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும்.

பிளக் சொல்லும் சேதி

இன்ஜின் ஆறியபின் அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சோக்கையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். புது பிளக் போட்டாலும் மறுபடி அதே கதைதான். முனை வெளுத்துக் கொப்பளித்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

நிறத்தில் தெளிவு கிடைக்காவிட்டால், அந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே போனால் குற்றவாளி பிளக். போகாவிட்டால் அடுத்து வயரை இதேபோல் சோதிக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றிவிட்டால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

மேட்டில் மட்டும் ஏன்?

ஐட்லிங்கில் அமைதியாக இருக்கும் வண்டி, மலைப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வெட்டி வெட்டி இழுக்கும். இப்படி வந்தால் வயரைச் சந்தேகப்படுங்கள். பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். மின்சாரம் சுலபமான வழியைத் தேடும். வயரின் ரப்பரில் ஒரு வெடிப்பு இருந்தால் அதன் வழியே இன்ஜின் உடம்புக்குத் தாவிவிடும். மழைக்காலத்தில் ஈரம் இதற்கு இன்னும் வழி செய்து கொடுக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, கையை விலக்கி வைத்துக்கொண்டு வயர்களை உற்றுப் பாருங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். ரப்பர் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே கார்பன் இழை அறுந்திருக்கலாம். அதை மல்டிமீட்டர் காட்டிவிடும். வயர்கள் மூன்றும் நல்லவை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே வெடிப்போ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே முடுக்குங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஸ்பேனரை வைத்து அழுத்தினால் மரை போய்விடும்.

இன்றைய கார்கள் பலவற்றில் வயரே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் இருக்கும். சோதனை முறை மட்டும் மாறவில்லை. ஸ்கேனர் ‘பி 0301’ என்றால் முதல் சிலிண்டர். அதன் காயிலை இரண்டாவதற்கு மாற்றியதும் ‘பி 0302’ வந்தால் பழுது காயிலில். செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் மட்டும் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.

மெக்கானிக் பாகங்களின் பட்டியலை நீட்டும்போது, “எந்த சிலிண்டர்ண்ணே? எப்படிப் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். சோதித்துப் பார்த்தவர் உடனே காட்டுவார். பணம் கொடுக்கும் உங்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு.

(அடுத்த வாரம்: ரேடியேட்டர் ஏன் கொதிக்கிறது?)